துப்பாக்கி வாங்கலாமா?

ஒரு குடும்பம் புதிதாக ஒரு பொருளை வாங்க எண்ணும்போது பெரும்பாலும் இரண்டு கேள்விகளே எழும். விலை என்ன? வைக்க இடம் உண்டா? தையல் இயந்திரமாயினும் சரி, குளிர்பதனப் பெட்டியாயினும் சரி, இவ்விரண்டிற்கும் விடை கிடைத்துவிட்டால் மூன்றாம் நாள் அப்பொருள் வீட்டுக்குள் வந்துவிடும். ஆனால் சென்ற ஆண்டு ஆனி மாதத்தில் தேவராவிலுள்ள எங்கள் வீட்டில் எழுந்த பேச்சு, இவ்விரண்டு கேள்விகளோடு முடிந்துவிடவில்லை. நாற்பது நாட்கள் அப்பேச்சு நடந்தது. வாங்க நினைத்த பொருள் ஒரு ரிவால்வர். குறிபார்த்துச் சுடும் பயிற்சிக்கான சிறிய சுழல் துப்பாக்கி.

இதைப் படிக்கும் அன்பர்களிற் சிலர் திடுக்கிடுவார்கள். "பிழைக்க வந்த இடத்தில் இந்தக் குடும்பத்துக்குத் துப்பாக்கி எதற்கு?" என்று கேட்பார்கள். அக்கேள்வியை நாங்களும் எங்களையே கேட்டுக்கொண்டோம். ஆதலால் நடந்ததை முறையாகச் சொல்லிவிடுகிறோம்.

நாங்கள் சங்கரன்கோவில் பக்கத்தார். இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று, மட்டாஞ்சேரிக்கு வந்து. மிளகும் சுக்கும் ஏலமும் மணக்கும் கிடங்குத் தெருவில் கணக்கெழுதும் வேலையில் தொடங்கி, பின்னர் தேவரா சந்தைக்கு அருகில் ஒரு சிறு ஜவுளிக் கடை வைத்தோம். கடைக்குப் பின்புறத்து மாடியில் இரண்டு அறையும் ஒரு கூடமும் உள்ள வாடகை வீடு. வீட்டில் ஐவர்: நாங்கள் இருவர், கல்லூரியில் மேற்படிப்புப் படிக்கும் மூத்த மகள், பதின்மூன்று வயதான மகன், இவ்வரிகளை எழுதும் இருவரில் ஒருவருக்கு உடன்பிறந்த தம்பியும் மற்றவருக்கு மைத்துனருமான ஒருவர். பிள்ளைகளுக்கு அவர் மாமா. இந்தக் கதையில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. அவருடைய இசைவைப் பெற்ற பின்னரே இதனை எழுதுகிறோம்.

மகளுக்குத் துப்பாக்கியிற் பற்று ஏற்பட்டது கல்லூரித் தேசிய மாணவர் படையில். முகாமொன்றில் புள்ளி இருபத்திரண்டு துளையுள்ள பயிற்சித் துப்பாக்கியால் ஐந்து குண்டு சுடக் கொடுத்தார்களாம். ஐந்தும் ஓர் உள்ளங்கைக்குள் அடங்கும்படி விழுந்தனவாம். அன்று வீட்டிற்கு வந்தவள் இரவு வெகுநேரம் உறங்கவில்லை. பிறகு ஒரு சுடுகலைக் கழகத்தில் சேர்ந்தாள். இரண்டு ஆண்டுகளாகக் கழகத்துக் காற்றுக் கைத்துப்பாக்கியால் பயின்று வருகிறாள். விடியற்காலையில் அவளை ஸ்கூட்டரில் அழைத்துச் செல்பவர் மாமா. அவள் சுடும் வரை வெளியே அமர்ந்து நாளிதழ் படித்திருந்து, மீண்டும் கல்லூரி வாசலில் கொண்டுவந்து விடுபவரும் அவரே.

இக்கலையைப் பற்றி அறியாத எங்களுக்கு அவளே ஆசிரியையானாள். காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் பத்து மீட்டர் தொலைவில் நின்று சுட வேண்டும். குறியட்டையின் நடுவட்டத்தின் குறுக்களவு 11.5 மில்லிமீட்டர். ஒரு சட்டைப் பொத்தான் அளவே கொள்ளலாம். ஒரு கையால் மட்டும் பிடித்து, மூச்சை அடக்கி, விசையை அறியாமல் அழுத்துவதுபோல் அழுத்த வேண்டும். கோபம் கொண்டவனால் இயலாது, அவசரப்படுபவனால் இயலாது. "இது சண்டைக் கலை அன்று, அம்மா, தவம் போன்றது" என்று அவள் சொன்னபோது எங்களுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் முன்பெல்லாம் தட்டை வைத்துவிட்டு எழுந்து போகும் பெண், இப்போது பொறுமையாகப் பேசுகிறாள் என்பதை நாங்கள் கண்கூடாகக் கண்டோம்.

நம்மவருக்கு இக்கலை புதிதன்று என்பதையும் அவள் எடுத்துரைத்தாள். இளவேனில் வாலறிவன் 1999-ஆம் ஆண்டு கடலூரில் பிறந்தவர். குடும்பத்துடன் குஜராத்திற்குச் சென்று ஆமதாபாத்தில் வளர்ந்தவர். 2019-ஆம் ஆண்டு ரியோ நகரில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் பிரிவில் தங்கம் வென்றார். டோக்கியோ, பாரிஸ் ஆகிய இரு ஒலிம்பிக் விழாக்களிலும் இந்தியாவின் சார்பில் கலந்துகொண்டார். பிழைப்புத் தேடிப் பிற மாநிலம் சென்ற தமிழ்க் குடும்பத்துப் பெண் அவர் என்பது எங்கள் மகளுக்கு எவ்வளவு ஊக்கம் அளித்திருக்கும் என்பதை, நம் சங்கத்துப் பெற்றோர்களுக்கு நாங்கள் விளக்க வேண்டுவதில்லை.

இந்நிலையில்தான் அண்டை வீட்டு நண்பர் ஒருவர் அந்த யோசனையைச் சொன்னார். கடற்படையில் பணியாற்றி ஓய்வு பெற்ற மலையாளப் பெரியவர். எங்களை உடன்பிறந்தார்போல் நடத்துபவர். "இவள் இனி இருபத்தைந்து மீட்டர் பிரிவிற்கும் போக வேண்டும். அதற்குத் தோட்டா வெடிக்கும் துப்பாக்கி தேவை. வெளிநாட்டுக் கைத்துப்பாக்கிகள் விலை அதிகம். நம் நாட்டுத் தொழிற்சாலையிலேயே புள்ளி இருபத்திரண்டில் ரிவால்வர் செய்கிறார்கள். உரிமம் வாங்கிப் புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள். ரிவால்வரைப்போல் எளிய கருவி வேறில்லை" என்றார். மகளுக்கு இருபத்தொரு வயது அப்போதுதான் நிரம்பியிருந்தது. உரிமத்திற்குச் சட்டம் பொதுவாகக் கேட்கும் வயதும் அதுவே. நாங்கள் கட்டிவந்த சிட்டியும் அந்த மாதமே கைக்கு வந்தது. எல்லாம் கூடிவந்தாற்போல் தோன்றிற்று.

பொருளைப் பற்றி முதலில் அறிந்துகொள்ள முற்பட்டோம். தோட்டாக்களில் இருவகை உண்டு. ஒருவகையில், அடிப்புறத்தின் நடுவே உள்ள சிறு மூடியை ஊசி தாக்கும்போது வெடிக்கும். மற்றொரு வகையில், வெடிமருந்துக்குத் தீ மூட்டும் பொருள் அடித்தகட்டின் விளிம்பைச் சுற்றி உள்ளே பூசப்பட்டிருக்கும். ஊசி விளிம்பைத் தாக்கினால் வெடிக்கும். புள்ளி இருபத்திரண்டு தோட்டா இந்த விளிம்பு வகையைச் சேர்ந்தது. 1857-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் நிறுவனத்தார் செய்த முதல் ரிவால்வரும் இவ்வகைத் தோட்டாவுக்கானதே. இன்று உலகெங்கும் பயிற்சியில் வழங்கும் நீண்ட வகைத் தோட்டா 1887-இல் தோன்றியது. மற்றத் தோட்டாக்களைக் காட்டிலும் விலை குறைவு, ஓசை குறைவு, கையை உதைக்கும் வேகமும் குறைவு. ஆகவே பயில்வோர்க்கு ஏற்றது.

"சிறிய தோட்டாதானே!" என்று எண்ணிய எங்களுக்கு, அது ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் பாய வல்லது என்று பயிற்சியாளர் சொன்னபோது சற்று அச்சம் பிறந்தது. ஒரு கிலோமீட்டர் என்றால் எங்கள் கடைவாசலிலிருந்து சந்தையையும் கடந்துவிடும்.

அடுத்து, அந்த ரிவால்வர் மகளின் காரியத்திற்கு ஏற்றதா என்று கேட்டோம். இங்கேதான் முதல் தடை எழுந்தது. பெண்களுக்கான இருபத்தைந்து மீட்டர் கைத்துப்பாக்கிப் போட்டியில் அறுபது குண்டுகள் சுட வேண்டும். முதல் முப்பது நிதானமானவை; ஐந்து குண்டுகளுக்கு ஐந்து நிமிடம். அடுத்த முப்பது விரைவானவை. கையைத் தாழ்த்தி நிற்க வேண்டும். குறி மூன்று வினாடி மட்டுமே காட்சி தரும். அதற்குள் கையை உயர்த்தி ஒரே குண்டு சுட வேண்டும். பிறகு ஏழு வினாடி இடைவெளி. இதற்குத் தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் கைத்துப்பாக்கியையே வீரர்கள் கையாளுகிறார்கள். ரிவால்வரில் ஒவ்வொரு முறையும் கட்டைவிரலால் சுத்தியலைப் பின்னுக்கு இழுத்து நிறுத்த வேண்டும்; அப்போது பிடி நழுவும். இழுக்காமல் விசையை மட்டும் அழுத்தினால் அழுத்தம் மிகுதியாக வேண்டும், குறி அசையும்.

நம் நாட்டில் விற்கும் சிறிய ரிவால்வர்கள் எதற்காகச் செய்யப்பட்டவை என்பதையும் ஆராய்ந்தோம். 2014-ஆம் ஆண்டு கான்பூர்த் தொழிற்சாலையிலிருந்து 'நிர்பீக்' என்ற புள்ளி முப்பத்திரண்டு ரிவால்வர் வெளிவந்தது. 2012-இல் தில்லியில் ஒரு மாணவிக்கு நேர்ந்த கொடுமைக்குப்பின், பெண்களின் தற்காப்புக்கென்று சொல்லி விற்கப்பட்டது. ஏறத்தாழ அரைக் கிலோ எடை. விலையோ அப்போதே 1,22,000 ரூபாயை ஒட்டி இருந்தது. 2015-இல் இச்சாப்பூர்த் தொழிற்சாலையிலிருந்து 'நிடர்' என்ற புள்ளி இருபத்திரண்டு ரிவால்வர் வந்தது. எடை சுமார் 250 கிராம். கைப்பையில் வைத்துக்கொள்ள அந்த எடை வசதி. குறிபார்த்துச் சுடுவோர்க்கோ அதுவே குறை. கையில் கனம் இருந்தால்தான் குழல் நடுங்காது. போட்டி விதிகள் இப்பிரிவில் 1400 கிராம் வரை இடம் தருகின்றன. விசையின் அழுத்தம் 1000 கிராமிற்குக் குறையலாகாது என்கின்றன. ஆகத் தற்காப்புக்கென்று செய்த குறுங்குழல் ரிவால்வர், போட்டிக் களத்தில் எங்கள் மகளுக்கு உதவாது என்பது தெளிவாயிற்று. வெளிநாடுகளில் நீண்ட குழலும் நுண்ணிய குறிகாட்டியும் உள்ள பயிற்சி ரிவால்வர்கள் உண்டு. அவற்றை இறக்குமதி செய்யும் வழி எங்களைப் போன்றவர்களுக்கு எளிதன்று.

ஆயினும் நண்பரின் கருத்து வேறு. "போட்டிக்கு வேண்டாம், பயிற்சிக்காவது ஆகும், வீட்டிற்கும் ஒரு காவல்" என்றார். அந்தக் கடைசிச் சொல்தான் எங்களைச் சிந்திக்க வைத்தது. வாங்கும் பொருள் விளையாட்டுக் கருவியா, காவற் கருவியா? இரண்டும் ஒன்றல்ல. விளையாட்டுக் கருவி பூட்டிய பெட்டிக்குள், தோட்டாவை விட்டுப் பிரிந்து இருக்க வேண்டும். காவற் கருவியோ கைக்கெட்டும் தூரத்தில், தோட்டா நிரம்பி இருந்தால்தான் அதற்குப் பயன். ஒரே ரிவால்வர் இரண்டுமாக இருப்பது இயலாது. தேவராவில் இத்தனை ஆண்டுகளில் எங்கள் கடையில் ஒருமுறை திருட்டு நடந்தது. நாங்கள் ஊருக்குப் போயிருந்தபோது கூரை ஓட்டைப் பிரித்து இறங்கியிருந்தார்கள். அன்று துப்பாக்கி வீட்டில் இருந்திருந்தால், அதுவும் திருடனோடு போயிருக்கும்.

அடுத்து, சட்டம். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 1962 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ளது. 2016-இல் புதிய விதிகள் வந்தன. 2019-இல் ஒரு திருத்தம் வந்தது. அத்திருத்தத்தின்பின் சாதாரணமாக ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்கலாகாது. உரிமம் ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். கழகத்தில் உறுப்பினராகக் குறிபார்த்துப் பயில்வோரின் தேவையைச் சட்டம் தனியே கருதுகிறது. மற்றவர் தக்க காரணம் காட்ட வேண்டும். காவல்துறை விசாரணை உண்டு. துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சிச் சான்று வேண்டும். உடல்நலமும் மனநலமும் பற்றிய மருத்துவச் சான்றும் வேண்டும். எத்தனை தோட்டா வைத்திருக்கலாம் என்பதையும் உரிமமே சொல்லும்.

இவ்வளவும் நியாயமே. ஆனால் நம்மைப்போல் இடம் பெயர்ந்து வாழ்வோர்க்குச் சில தனித் தொல்லைகள் உண்டு. வாடகை வீடு மாறினால் உரிமத்திலும் முகவரி மாற வேண்டும். வீட்டு உரிமையாளர் அறிந்தால் என்ன சொல்வாரோ? பொங்கலுக்கும் ஆடித் தபசுக்கும் குடும்பத்தோடு பாலருவி வண்டியேறிச் செங்கோட்டை வழியே ஊருக்குப் போகிறோமே, அப்போது இது எங்கே இருக்கும்? உடன் கொண்டுபோவதென்றால் உரிமம் தமிழ்நாட்டிலும் செல்ல வேண்டும். விட்டுச் செல்வதென்றால் பூட்டிய வீட்டில் விட முடியாது. காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்துச் செல்ல வேண்டும். தேர்தல் வந்தாலும் அதுபோல் ஒப்படைக்க நேரும். இத்தனையும் போதாவென்று, எங்கள் ஊர்க் காயலின் உப்புக் காற்று! இரும்புச் சாமான் எதுவும் இங்கு ஓர் இடவப்பாதி மழையைத் துருவின்றிக் கடப்பதில்லை என்பதை அன்பர்கள் அறிவீர்கள்.

ஆயினும், தொல்லை என்பதற்காக ஒரு பிள்ளையின் ஆசையைத் தள்ளிவிடலாமா? நாங்கள் திட்டம் போட்டோம். அறைச் சுவரில் இரும்புப் பெட்டி ஒன்றைப் போல்ட் அடித்துப் பொருத்துவது. தோட்டாக்களைக் கடையிலுள்ள வேறொரு பெட்டியில் வைப்பது. சாவியை எங்களில் ஒருவர் எப்போதும் உடன் வைத்திருப்பது. பதின்மூன்று வயதுப் பையனைப் பற்றி அடிக்கடி பேசினோம். அவனைப் பற்றிப் பேசுவது எளிதாயிருந்தது. பேசாமல் விட்டது ஒன்று உண்டு.

மாமாவின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறோம். மட்டாஞ்சேரியில் சுக்கு வியாபாரம் செய்துவந்தவர். 2020-ஆம் ஆண்டு கொள்ளை நோய்க் காலத்தில் கடைத்தெரு மூடியபோது, கடன் வாங்கி அடைத்துவைத்த சரக்கு வீணாயிற்று. மறு ஆண்டு எங்கள் வீட்டிற்கு வந்து சேர்ந்தார். யாரிடமும் அதிகம் பேசமாட்டார். 2022-ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஓர் இரவு அவர் வீடு திரும்பவில்லை. கொட்டும் மழையில் நாங்கள் தேடிச் சென்றபோது, தேவராப் படகுத்துறையில் உட்கார்ந்திருந்தார். செருப்புகளைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தார். பக்கத்தில் ஒரு மலையாளத் தேநீர்க்காரர், கடையை மூடிவிட்டு, குடையை அவருக்குப் பிடித்தபடி அமர்ந்திருந்தார். "ஒரு மணி நேரமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம்" என்றார். அதற்குமேல் அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

மறுநாளே மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். மாதந்தோறும் போகிறார், மருந்து உண்கிறார், கடையில் எங்களுக்கு வலக்கை அவரே. இன்று சிரித்துப் பேசுகிறார். நோய் தீர்ந்தது என்று சொல்லிவிடலாம் போல இருக்கிறது. ஆனால் வருடத்தில் இரண்டொரு முறை, ஒரு வாரம் பத்து நாள், அந்தப் பழைய மௌனம் வந்து போகும். நாங்கள் அறிவோம், அவரும் அறிவார்.

உரிமம் கேட்பவருக்கு மனநலச் சான்று கேட்கிறது சட்டம். அந்த வீட்டில் வாழும் மற்றவரைப் பற்றி அது கேட்பதில்லை. அதைக் கேட்க வேண்டியவர்கள் நாங்களே. அந்த மழை இரவில் அவரைக் காத்தது எது? அந்த ஒரு மணி நேரந்தான். மனம் இருண்டிருக்கும் வேளை நெடுநேரம் நீடிப்பதில்லை. யாராவது வந்து பேசும் வரை காலம் கிடைத்தால் பெரும்பாலும் அது கடந்துவிடும் என்று மருத்துவர் எங்களிடம் சொல்லியிருந்தார். துப்பாக்கி என்னும் பொருள் அந்தக் காலத்தைக் கொடுக்காத பொருள்.

இதனை எண்ணி நாங்கள் இருவரும் பல இரவுகள் மெல்லிய குரலில் பேசினோம். வேண்டாமென்று முடிவு செய்வதில் ஐயமில்லை. எப்படிச் சொல்வது என்பதே இடர். மகளிடம் உண்மைக் காரணத்தைச் சொன்னால் மாமா தடையாய் நின்றார் என்ற எண்ணம் அவள் மனத்தில் விழுமே! மாமாவின் காதில் விழுந்தாலோ, தம்மை இன்னமும் நோயாளியாகவே நினைக்கிறார்கள் என்று வருந்துவாரே! ஆகவே விலையைக் காரணமாகச் சொல்லிவிடலாம் என்று எண்ணினோம். அது பொய்யும் அன்று. முழு உண்மையும் அன்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, உணவு முடிந்தபின், மகள் விண்ணப்பப் படிவத்தைக் கொண்டுவந்து கூடத்தில் விரித்தாள். நாங்கள் விலையைப் பற்றித் தொடங்கினோம். அதுவரை மூலையில் அமர்ந்து கணக்குப் புத்தகம் பார்த்துக்கொண்டிருந்த அவர், புத்தகத்தை மூடினார்.

"அக்கா, அத்தான், விலையைப் பற்றிச் சொல்ல வேண்டாம். நீங்கள் பெட்டி செய்வீர்கள், பூட்டுவீர்கள், சாவியை ஒளிப்பீர்கள். நான் இந்த வீட்டிலேயே இருப்பவன். சாவி எங்கே இருக்கிறது என்று என்றைக்காவது எனக்குத் தெரிந்துவிடும். அது எனக்குத் தெரிய வேண்டாம்" என்றார்.

கூடத்தில் யாரும் பேசவில்லை. அவர் மகளைப் பார்த்து, "உனக்குக் குறுக்கே நிற்கிறேன் என்று நினைக்காதே, அம்மா. சுடும் இடத்திற்கு எத்தனை மணிக்கு வேண்டுமானாலும் கொண்டுபோய் விடுகிறேன். அங்கே இருக்கட்டும் துப்பாக்கி. இங்கே வேண்டாம்" என்றார்.

அவள் படிவத்தை மடித்தாள். "நான் அதை முன்பே நினைத்திருக்க வேண்டும், மாமா" என்று மட்டும் சொன்னாள். நாங்கள் இருவரும் வெட்கினோம். நாற்பது நாட்களாக நாங்கள் மறைத்துப் பேசிய ஒன்றை, யாரிடமிருந்து மறைத்தோமோ அவரே ஐந்து வாக்கியத்தில் நேராகச் சொல்லிவிட்டார். அவரைக் காப்பதாக எண்ணி அவரைப் பேச்சிலிருந்தே ஒதுக்கி வைத்திருந்தோம்.

அதற்குப்பின் வழி எளிதாயிற்று. 4.5 மில்லிமீட்டருக்கு மேற்படாத துளையும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் உடைய காற்றுத் துப்பாக்கிக்கு, 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி உரிமம் தேவையில்லை. போட்டிக்குரிய காற்றுக் கைத்துப்பாக்கி இந்த எல்லைக்குள் அடங்குவதே. சிட்டிப் பணத்தில், பயிற்சியாளர் துணையோடு அப்படி ஒன்றை வாங்கினோம். அதனையும் விளையாட்டுப் பொம்மை என்று எண்ணலாகாது. கண்ணைக் கெடுக்க வல்லது. கழகத்தார் ஒப்பினர்; ஆதலால் அதுவும் கழகத்துப் பெட்டகத்திலேயே பூட்டி வைக்கப்படுகிறது. புள்ளி இருபத்திரண்டு பயிற்சிக்கு, கழகத்தின் உரிமத்தில் உள்ள கைத்துப்பாக்கியை, கழகத்துத் தளத்திலேயே, பயிற்சியாளர் முன்னிலையில் மாதம் இருமுறை சுடுகிறாள். சுட்டு முடித்ததும் அது அங்கேயே பூட்டப்படுகிறது.

இதனால் அவள் பின்தங்கிவிடுவாளோ என்ற கவலை எங்களுக்கு இருந்தது. அவளே அதனைத் தீர்த்தாள். 2024-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலங்கள் வென்றாரல்லவா? ஒன்று தனியாக, மற்றொன்று சரப்ஜோத் சிங்குடன் இணைந்து. இரண்டும் பத்து மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கியில் வென்றவையே. தோட்டா வெடிக்கும் இருபத்தைந்து மீட்டர் பிரிவில் அவருக்கு நான்காம் இடமே கிட்டியது. மேலும், 2021-இல் டோக்கியோவில் போட்டியின் நடுவே அவருடைய கைத்துப்பாக்கி பழுதாகி நேரம் வீணானதையும் மகள் நினைவூட்டினாள். "கருவி நல்லதாயிருந்தால் போதாது, அப்பா, அன்றைக்கு மனமும் கருவியும் சேர்ந்து நிற்க வேண்டும்" என்றாள். எங்கள் மகள் இன்னும் பெரிய வெற்றி எதையும் பெற்றுவிடவில்லை. சென்ற போட்டியில் நடுவரிசையில் நின்றாள். அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்கிறாள்.

கடற்படை நண்பரிடம் சென்று முடிவைச் சொன்னோம். முதலில் முகம் சுருங்கிற்று. காரணத்தைக் கேட்டதும் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர், "கப்பலில் நாங்கள் துப்பாக்கியைப் படுக்கைக்குக் கொண்டுபோவதில்லை, ஆயுத அறையில் ஒப்படைத்துவிட்டுத்தான் உறங்கப் போவோம். வீட்டைப் பற்றி நான் அவ்வாறு எண்ணவில்லை" என்றார். இப்போது மாலை வேளைகளில் மாமாவோடு அவர் சதுரங்கம் ஆடுகிறார்.

இவ்வளவும் எழுதியது எங்கள் குடும்பத்தின் பெருமையைச் சொல்ல அன்று. துப்பாக்கி வாங்கவே கூடாது என்று எல்லோர்க்கும் விதி கூறவும் அன்று. தனி வீடும் நிலையான முகவரியும், மேலான போட்டிகளில் இறங்கும் தகுதியும் உடையவர்களுக்கு வேறு கணக்கு இருக்கலாம். நாங்கள் சொல்ல விரும்புவது இதுவே: உங்கள் பிள்ளைகள் இக்கலையில் விருப்பம் கொண்டால் அஞ்சித் தடுக்காதீர்கள், நல்ல கழகத்தில் சேருங்கள், முதலில் காற்றுத் துப்பாக்கியில் பயிலட்டும். ஆனால் கருவியை வீட்டிற்குக் கொண்டுவரும் பேச்சு எழுந்தால், விலையையும் இடத்தையும் கேட்டபின் மூன்றாவதாக ஒரு கேள்வியையும் கேளுங்கள்: இந்த வீட்டில் யார் யார் வாழ்கிறோம்? அதற்கு விடை காணும்போது வீட்டிலுள்ள ஒருவரையும் வெளியே நிறுத்தாதீர்கள்.

ஊரைவிட்டு வந்து உழைப்பவர்களாகிய நமக்குள், கடனாலும் தனிமையாலும் மனம் தளர்ந்தவர்கள் உண்டு. வெளியே சொல்ல நாணுகிறோம். வேண்டுவதில்லை. கேரள அரசின் திசா உதவி எண் 1056. நாடு முழுவதற்குமான டெலி மானஸ் எண் 14416. பின்னதில் தமிழிலும் பேசலாம். இவ்வெண்களை எங்கள் கடைக் கல்லாப் பெட்டியின் மூடியில் எழுதி ஒட்டியிருக்கிறோம். எழுதியவர் மாமா.